கொட்டக் கொட்டக் குளவியாகுமா?

ஜன்னல் சட்டத்தின் மூலையிலோ, நெடுநாள் நகர்த்தாத அலமாரியின் முதுகிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணுருண்டையைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அப்படி ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பெயர்த்தேன். குளவி பாய்ந்து வரும் என்ற பயத்தில், ஒரு காலைப் பின்னால் வைத்து ஓடத் தயாராக நின்றிருந்தேன். குளவி வரவில்லை. சிலந்திகள் விழுந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும், எல்லாம் குட்டிச் சிலந்திகள். செத்தவை என்று நினைத்து ஒன்றைக் குச்சியால் தொட்டால், கால் லேசாக அசைந்தது. உயிர் இருந்தது, ஓடத்தான் முடியவில்லை.

பெரியவர்களிடம் கேட்டேன். "குளவி புழுவைக் கொண்டுவந்து வைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும்" என்றார்கள். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது பழைய பேச்சு. குருவையும் சீடனையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மிகப் பிடித்த உவமை. நான் பார்த்தவை சிலந்திகள் ஆயிற்றே, சிலந்தி எப்படிக் குளவியாகும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அந்தப் பேச்சைக் கேலி செய்ய வேண்டியதில்லை. சொன்னவர்கள் கூர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். ஒரு குளவி பச்சைப் புழுவைத் தூக்கிவருகிறது. அதைக் கொட்டுகிறது. மண் கூட்டுக்குள் தள்ளி வாயை அடைக்கிறது. மண் பூசும்போது 'ங்ஙீ' என்று ஒரு ரீங்காரம் வேறு, மந்திரம் ஓதுவதைப் போல. சில வாரம் கழித்து அதே கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. புழு உள்ளே போனது, குளவி வெளியே வந்தது. தொடக்கமும் முடிவும் சரியாகப் பார்க்கப்பட்டவை. நடுப்பகுதி மட்டும் மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

அந்த நடுப்பகுதியில் ஒரு முட்டை இருக்கிறது. கூட்டை அடைப்பதற்கு முன்பே தாய்க் குளவி அதை உள்ளே இட்டுவிடுகிறது. முட்டை பொரித்து வரும் குளவிப்புழு, பக்கத்தில் கிடக்கும் பச்சைப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியே வருகிறது. பச்சைப் புழு சீடன் அல்ல, சாப்பாடு.

ஒரு வீட்டில் இரண்டு சமையல்

குளவியின் வாழ்க்கையில் விசித்திரமாகத் தெரியும் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பெரிய குளவிக்கு வேண்டியது இனிப்பு. குட்டிக்கு வேண்டியது இறைச்சி.

வளர்ந்த குளவி பூந்தேன், பழச்சாறு, செடிப்பேன்கள் சுரக்கும் இனிப்புநீர் போன்றவற்றைக் குடித்தே காலம் தள்ளுகிறது. அதன் இடுப்பைப் பார்த்தாலே காரணம் பாதி புரியும். துடியிடை, கொடியிடை என்று கவிஞர்கள் பாடியதெல்லாம் இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். சில இனங்களில் இடுப்பு வெறும் நூல்தான். உணவுக் குழாய் அந்த நூலுக்குள் நுழைந்துதான் வயிற்றுக்குப் போக வேண்டும். கட்டியான தீனி அதில் இறங்காது. பிறகு ஏன் இப்படி ஓர் இடுப்பு? வயிற்றை எந்தப் பக்கமும் வளைத்து, கொடுக்கை நினைத்த இடத்தில் இறக்கத்தான். வேட்டைக்குப் பிறந்த உடம்பு அது. வேட்டையாடுவதோ தனக்காக இல்லை.

குளவிப்புழுவுக்குக் கால் கிடையாது, கண் கிடையாது. வெள்ளையாக, கொழுகொழுவென்று, வாயும் வயிறுமாக இருக்கும். உடம்பு வளர அதற்குப் புரதம் வேண்டும். ஆகவே அம்மா சர்க்கரை குடித்துக்கொண்டு பிள்ளைக்காகக் கறி தேடி அலைகிறாள்.

தேனீயும் எறும்பும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவைதான். பழங்காலத்தில் வேட்டைக் குளவிகளில் ஒரு கிளை, பிள்ளைக்கு இறைச்சிக்குப் பதிலாக மகரந்தம் ஊட்டத் தொடங்கியது. அதன் வாரிசுகளே தேனீக்கள். சுருக்கமாகச் சொன்னால், தேனீ என்பது சைவத்துக்கு மாறிய குளவி. எறும்பின் முன்னோரும் குளவிதான். எறும்பையும் தேனீயையும் சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிற நாம், அவற்றின் மூதாதையை மட்டும் துடைப்பத்தோடு துரத்துகிறோம்!

தனியே வேட்டையாடுபவை

குளவி என்றதும் தொங்கும் கூடும் மொய்க்கும் கூட்டமும் நினைவுக்கு வரும். உண்மையில் அவை சிறுபான்மை. இதுவரை பெயரிடப்பட்ட குளவி இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் கூட்டமாகக் குடும்பம் நடத்துபவை ஏறத்தாழ ஆயிரம்தான். மற்றவையெல்லாம் தனிக்கட்டைகள். ஒரு பெண் குளவி, அவள் கட்டிய கூடு, அவள் பிடித்த இரை. உதவிக்கு யாரும் இல்லை. பெரும்பாலான இனங்களில் பிள்ளை வெளியே வரும்போது பார்க்க அம்மாவும் இருப்பதில்லை.

நான் பெயர்த்தது சிலந்தி பிடிக்கும் மண்குளவியின் கூடு. பச்சைப் புழு பிடிப்பது வேறு வகை. அதில் சில, குயவர் வனைந்தது போலக் கழுத்தும் விளிம்பும் வைத்த குட்டிப் பானையாகவே கூட்டைக் கட்டும். வயிற்றில் தண்ணீர் கொண்டுவந்து காய்ந்த மண்ணில் உமிழ்ந்து, குழைத்து, உருட்டி, வாயில் கவ்விக்கொண்டு பறக்கும். பானை முடிந்ததும் முதலில் முட்டை. அதை உள்கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடும். அப்புறம்தான் புழு வேட்டை. துடிக்கிற புழுக்களுக்கு நடுவே முட்டை நசுங்காமல் இருக்க அந்தத் தொங்கல் உதவும்.

இரையைக் கொன்றுவிட்டால் என்ன? கொன்றால் அழுகும். உள்ளே வளரும் பிள்ளைக்கு நாள்கணக்கில் கெடாத இறைச்சி வேண்டும். அதனால் கொடுக்கு நரம்பைக் குறி வைக்கிறது. பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் நரம்பு முடிச்சுகள் உடம்பின் அடிப்பக்கம் இருக்கும். அந்த இடத்தில் நஞ்சு இறங்கினால் உயிர் இருக்கும், அசைவு இருக்காது. குளிர்பெட்டி இல்லாத உலகத்தில் கறியைப் பதப்படுத்த இதைவிட நல்ல வழி இருக்குமா தெரியவில்லை.

இந்த வித்தையில் எல்லாவற்றுக்கும் மேலே போனது கரப்பான் பிடிக்கும் மரகதக் குளவி. பச்சையும் நீலமுமாக மின்னும் அழகி. தன்னைவிடப் பெரிய கரப்பானைத் தூக்கிப் பறக்க அதனால் முடியாது. அதற்கு அது கண்ட வழி: முதலில் மார்பில் ஒரு கொட்டு, முன்னங்கால்கள் சற்று நேரம் செயலிழக்கும். அந்த அவகாசத்தில் தலைக்குள், மூளை இருக்கும் இடத்தில், இரண்டாவது கொட்டு. இதற்குப் பிறகு கரப்பானால் நடக்க முடியும். தானாக நடக்கத் தொடங்கத்தான் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்பைப் பாதியாகக் கடித்து, கசியும் நீரைக் குடிக்கும். மிச்சக் கொம்பைப் பிடித்து, மூக்கணாங்கயிற்றில் மாட்டைப் பிடித்துப் போவது போலத் தன் பொந்துக்கு நடத்திப் போகும். கரப்பான் சமர்த்தாகப் பின்னால் போகும். அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டி, பொந்தை அடைத்துவிட்டுக் குளவி கிளம்பிவிடும். பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வேட்டைக்குப் போகிறவள் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும் இல்லையா? தேனீயைப் பிடித்து மணலுக்குள் புதைக்கும் ஒரு குளவியை வைத்து, 1930 வாக்கில் டச்சு ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன் ஓர் எளிய சோதனை செய்தார். குளவி வளைக்குள் இருக்கும்போது வாசலைச் சுற்றி ஊசியிலை மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். வெளியே வந்த குளவி மேலே வட்டமடித்து இடத்தைப் பார்த்துக்கொண்டு பறந்தது. அது போனதும் காய் வட்டத்தை அப்படியே சற்றுத் தள்ளி வைத்தார். தேனீயோடு திரும்பிய குளவி நேராகக் காய் வட்டத்தின் நடுவில் போய் இறங்கி, இல்லாத வாசலைத் தேடியது. உண்மையான வளை பக்கத்திலேயே இருந்தது. அடையாளப் பொருள்களை மனத்தில் பதித்துத்தான் குளவி வழி கண்டுபிடிக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக டின்பர்கன் 1973-இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே தேனீக் கொல்லியிடம் இன்னொரு கைமருந்தும் இருக்கிறது. ஈர மணலுக்குள் வைத்த இறைச்சியும் பிள்ளையும் பூஞ்சை பிடித்துவிடும் அல்லவா. இந்தக் குளவி தன் உணர்கொம்புக்குள் ஒரு பாக்டீரியாவை வளர்க்கிறது. அதைப் பிதுக்கி அறையின் கூரையில் பூசிவிடுகிறது. புழு வளர்ந்து கூடு நெய்யும்போது அதையும் சேர்த்து நெய்துகொள்ளும். அந்தப் பாக்டீரியா சுரக்கும் மருந்துகள் பூஞ்சையை நெருங்கவிடாது. மனிதர்கள் பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எடுப்பதும் இதே குடும்பத்துப் பாக்டீரியாக்களிலிருந்துதான்.

கூடே கட்டாதவை

இன்னும் பெரிய கூட்டம் ஒன்று உண்டு: ஒட்டுண்ணிக் குளவிகள். இவை கூடும் கட்டாது, இரையைச் சுமக்கவும் செய்யாது. உயிரோடு திரியும் புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையைச் செலுத்திவிடும். புழுவே கூடு, புழுவே சாப்பாடு. கம்பளிப்புழுவின் உயிருள்ள உடம்புக்குள் தின்று வளரும்படி இவற்றை ஒரு கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என, 1860-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின் சொல்லியிருக்கிறார்.

டார்வினைச் சங்கடப்படுத்திய அதே பழக்கம் உழவர்களுக்கு வரமாக அமைந்தது. ஆப்பிரிக்காவில் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பூச்சியின் பூர்வீகமான தென் அமெரிக்காவுக்குப் போய் அதன் ஒட்டுண்ணிக் குளவியைத் தேடிப் பிடித்து, 1981-இலிருந்து வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. குளவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிடும் டிரைக்கோகிரம்மா என்ற குளவியை அட்டையில் ஒட்டி இன்றும் வயல்களில் கட்டுகிறார்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உலகிலேயே மிகச் சிறிய பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவிதான்: ஓர் இனத்தின் ஆண் 0.139 மில்லிமீட்டர், இறக்கையும் இல்லை, கண்ணும் இல்லை.

அத்தியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அபூர்வமாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி அபூர்வமாகப் பூப்பதில்லை, உள்ளே பூக்கிறது. நாம் காய் என்று நினைப்பது, நூற்றுக்கணக்கான பூக்களை உள்பக்கமாகச் சுருட்டி வைத்த ஒரு பை. நுனியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே ஒரு பெண் குளவி இறக்கை பிய்ந்துபோக நுழைகிறது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே இறந்துவிடுகிறது. பிறக்கும் ஆண்களுக்கு இறக்கை கிடையாது. பெண்களோடு கூடி, அவர்கள் வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அவற்றின் கதை முடிந்தது. பெண்கள் மகரந்தத்தோடு அடுத்த காய்க்குப் பறக்கின்றன. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் புழு இல்லையேல் அத்திக்கு விதை இல்லை. (சாப்பிடுவதற்கென்று வளர்க்கும் பல ரகங்கள் குளவி இல்லாமலே பழுக்கும். பயப்பட வேண்டாம்.)

காகிதக் கூடும் கூட்டுக் குடும்பமும்

சரி, நாம் எல்லோரும் பயப்படுகிற கூட்டத்துக்கு வருவோம். மரக்கிளையிலும் கூரையடியிலும் தொங்கும் சாம்பல் நிறக் கூடு மண் அல்ல, காகிதம். குளவி பட்டுப்போன மரத்தையும் வேலிக் கட்டையையும் தாடையால் சுரண்டி, எச்சிலோடு மென்று கூழாக்கி, மெல்லிய தகடாக இழுத்துக் காயவிடுகிறது. காது கொடுத்தால் சுரண்டும் சத்தம்கூடக் கேட்கும். ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719-இல், பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் குளவிக் கூட்டைக் காட்டி, மரத்திலிருந்தும் காகிதம் செய்யலாமே என்று எழுதினார். மனிதர்கள் அதைப் பெரிய அளவில் செய்ய நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

கூடு பொதுவாக ஒரே ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கும். சில இனங்களில் சில பெண்கள் சேர்ந்து தொடங்குவார்கள். ஏற்கெனவே ஆணோடு கூடி, விந்தை உடம்புக்குள் ஒரு பையில் சேமித்து வைத்திருப்பவள் அவள். ஒரு காம்பு, அதிலிருந்து கீழ்நோக்கித் திறந்த சில அறுகோண அறைகள், அறைக்கு ஒரு முட்டை. கட்டுவதும், வேட்டையாடுவதும், ஊட்டுவதும் அவளே. சில இனங்களில் காம்பைச் சுற்றி எறும்பு அண்டாத ஒரு சுரப்பையும் பூசி வைப்பாள். முதல் மகள்கள் வெளியே வந்ததும் வேலை அவர்கள் கைக்குப் போகும், இவள் முட்டையிடுவதோடு நின்றுகொள்வாள். கருவுற்ற முட்டையிலிருந்து பெண் வரும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வரும். ஆகவே ஆண் குளவிக்கு அப்பா கிடையாது. தாத்தா மட்டும் உண்டு!

இந்தக் கூட்டில் இரு சமையல் விதி இன்னும் சுவையாகிறது. வேலைக்காரக் குளவி புழுவைப் பிடித்துக் கொத்துக்கறி போல மென்று உருண்டையாக்கிப் பிள்ளைக்கு ஊட்டும். பதிலுக்குப் பிள்ளை தன் வாயிலிருந்து ஒரு துளி இனிப்பு நீரைத் தரும். இறைச்சியைச் செரிக்க முடியாத அக்காவுக்கு, இறைச்சி தின்ற தங்கை காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சி அது. குளிர் நாடுகளில் கோடை முடியும்போது பிள்ளைகள் குறைந்துவிடும், கஞ்சியும் நின்றுபோகும். அந்தச் சமயத்தில்தான் குளவிகள் பழத்தையும் குளிர்பானத்தையும் விடாமல் சுற்றி மனிதர்களிடம் அடி வாங்குகின்றன. அங்கே கூடு ஓராண்டுதான் வாழும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் எங்காவது ஒளிந்து குளிரைக் கடத்தும். வெப்ப நாடுகளில் கூடு எந்த மாதத்திலும் இருக்கலாம்.

ராணி என்றதும் அதட்டி ஆள்பவள் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. ரோபாலிடியா என்ற குளவியைப் பல ஆண்டுகள் கவனித்த இந்திய உயிரியலாளர் ராகவேந்திர கடக்கரும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. அதன் ராணி பரம சாது. அவளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் திடீரென்று ஆவேசமாகிறாள். மற்றவர்கள் எதிர்ப்பதே இல்லை. சில நாள்களில் அவள் முட்டையிடத் தொடங்கி, தானும் சாதுவாகிவிடுகிறாள். அடுத்த வாரிசு யார் என்பது குளவிகளுக்கு முன்பே தெரிந்திருப்பதாகத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர்களால் மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

கொடுக்கைப் பற்றி

கொட்டுவது பெண் மட்டுமே. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறியது, ஆணுக்கு ஏது அது? ஒட்டுண்ணிக் குளவிகள் இன்றும் அதன் வழியாக முட்டையிடுகின்றன. மற்றவற்றில் அது நஞ்சு ஊசியாகிவிட்டது. கொட்டிய தேனீயின் கொடுக்கு நம் தோலில் சிக்கிக் கழன்றுவிடும், தேனீ செத்துவிடும். குளவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இழுத்துக்கொண்டு மறுபடியும் கொட்டும்.

தனிக்கட்டைக் குளவிகள் கையில் பிடித்து அழுத்தினால் ஒழியப் பெரும்பாலும் நம்மைக் கொட்டுவதில்லை. அவற்றின் நஞ்சு இரையை முடக்க இருப்பது, அதை நம்மேல் வீணாக்குவானேன். கூட்டமாக வாழ்பவற்றின் நஞ்சு வேறு நோக்கம் கொண்டது: கூட்டைக் கலைக்க வரும் பெரிய விலங்குக்கு வலிக்க வேண்டும், அடுத்த முறை நினைவில் இருக்க வேண்டும். கடந்தை, கதண்டு என்று அழைக்கப்படும் பெரிய குளவிகள் இதில் கெட்டிக்காரர்கள். ஆபத்து வந்தால் அவை வெளியிடும் வாசனை மற்றவற்றையும் கிளப்பிவிடும். அதனால் கூட்டருகே ஒன்றை அடித்து நசுக்குவது, ஊரைக் கூட்டுவதற்குச் சமம். கையை வீசாமல், முகத்தை மறைத்துக்கொண்டு, விலகிப் போய்விட வேண்டும். கல்லெறிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓரிரு கொட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். சிலருக்கு ஒரே கொட்டில் உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வரலாம். அது ஒவ்வாமை, கொஞ்சமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல குளவிகள் சேர்ந்து கொட்டியிருந்தாலும் அப்படித்தான், அந்த நஞ்சு சிறுநீரகம் வரை பாதிக்கும். தொண்டையிலோ வாய்க்குள்ளோ கொட்டியிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பெரிய கூடு இருந்தால், பழகிய ஆட்களை வைத்து அகற்றுவதே நல்லது.

ஜன்னல் மூலையில் இருக்கும் அந்த மண்ணுருண்டைக்கு இந்தப் பயமெல்லாம் தேவையில்லை. அதைக் காவல் காக்க யாரும் இல்லை, கட்டியவள் அடைத்துவிட்டுப் போய்விட்டாள். வட்டமாக ஒரு துளை இருந்தால் உள்ளே இருந்ததும் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். துளை இல்லையென்றால் கொஞ்ச நாள் விட்டுவைத்துப் பாருங்கள். சில சமயம் கட்டியவளின் பிள்ளைக்குப் பதிலாக, நகைபோல நீலமும் பச்சையுமாக மின்னும் வேறொன்று வெளியே வரும். அது குயில்குளவி. மண்குளவி இரை தேடப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து தன் முட்டையை இட்டுவிட்டுப் போனவளின் பிள்ளை. வீட்டுக்காரி திரும்பி வந்து பிடித்தாலும், கெட்டியான ஓட்டுக்குள் பந்தாகச் சுருண்டு தப்பிவிடும் ரகம் அது.